தம்பியின் விரல்

அரசாணிப் பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுச் சட்டம் அது. நீட்டினால் பிஞ்சு அழுகிப் போகும். எது என்று காட்டித்தான் தீர வேண்டும் என்றால் விரல்களை மடக்கி முட்டியால் காட்டலாம். முகவாயை ஆட்டிக் காட்டலாம். ‘தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல’ என்று வாயால் சொல்லலாம். எனக்குப் பத்து வயது, பழகிவிட்டிருந்தது. தம்பிக்கு ஐந்து. ஐந்து வயதில் கண்டதையெல்லாம் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை உண்டா? அவன் நீட்டினான்.

அது 1986, ஆவணிக் கடைசி. அந்த விரலைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. ஏறக்குறைய நாற்பது வருஷம் அதை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். மற்ற ஊர்களில் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வதைத்தான் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அரசாணி என்கிறோம். வெறுமனே பூசணி என்றால் எங்களுக்கு அது மேலே சாம்பல் பூத்த வெண்பூசணி. “அரசாணி திங்கறதுக்கு, பூசணி ஒடைக்கறதுக்கு” என்று அம்மிச்சி இரண்டையும் ஒரே வரியில் பிரித்துவிடுவாள். பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் இரண்டும் பிறந்த இடம் வேறு. வெண்பூசணி ஆசியாவின் பழைய பயிர். அரசாணி அமெரிக்கக் கண்டத்துக்காரி. கொலம்பஸ் அங்கே போய் வந்த பிறகு மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் வந்த வழியில் கப்பலேறி வந்தவள். வந்து ஐந்நூறு வருஷம் ஆகவில்லை. ஆனால் பட்டிப் பொங்கலன்று அரசாணிப் பொரியல் இல்லாத இலையை அம்மிச்சி இலையாகவே மதிக்கமாட்டாள்.

உடைக்கிற பூசணிக்கும் எங்கள் வீட்டில் வேலை இருந்தது. அப்பாவுக்குக் கணபதியில் சின்ன லேத்துப் பட்டறை. மோட்டார் பம்புக்கு உதிரிச் சாமான் கடைந்து கொடுப்பார். கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் மில், பவுண்டரி, பட்டறை, லாரி, பஸ் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றின் முன்னும் பூசணி உடையும். அதற்கென்று அம்மிச்சி சித்திரைக் கடைசியிலேயே வெண்பூசணி விதை போட்டுவிடுவாள். வெண்பூசணிக்கு நூற்று நாற்பது, நூற்றைம்பது நாள் வேண்டும். அப்போதுதான் புரட்டாசிக்குக் காய் முற்றும். கொடியை மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஏற்றிவிடுவாள். ஆளுக்கொரு காயை மடியில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் டவுன் பஸ்ஸில் போனது நினைவிருக்கிறது. இறங்கும்போது பாவாடையெல்லாம் சாம்பல்.

அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நானும் தம்பியும் அம்மிச்சி வீட்டில் தங்கி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அம்மிச்சியின் சாளை, அதாவது தோட்டத்து வீடு, மதுக்கரைக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவே இருந்தது. வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும், மலை முடிகிற இடமும் தெரியும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவமழையைக் கேரளம் வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் அந்த வாசல் வழியாக எங்களுக்கு அனுப்பிவைக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி மற்றவர்களுக்கு மிகை. எங்களுக்கு அதில் பாதி நிஜம். ஓடு பறக்கும், காய்கிற துணி பறக்கும், படர்ந்த கொடி புரண்டு போகும்.

அந்தக் காற்றுக் காலத்தில்தான் அரசாணிக்கு விதை போட வேண்டும். ஆடிப் பட்டம். மாதம் பிறந்த அன்றைக்கே அம்மிச்சி வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காலிக்குப் போய்விடுவாள். எருக்குழிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே ஒரு முழ ஆழத்துக்குக் குழி. அதில் மக்கின எரு, அடுப்புச் சாம்பல், மேல்மண். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் துணி அலசுகிற தண்ணீரும் ஒரு சின்ன வாய்க்காலில் அந்தக் குழிக்கு வந்து சேரும். அரசாணிக்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீர் இறைத்ததில்லை.

விதை, சுவரில் இருந்தது. போன தையில் அறுத்த காயின் விதையைச் சாம்பலில் புரட்டி, சாணியோடு சேர்த்துக் கொட்டகைச் சுவரில் வரட்டி மாதிரி அப்பிவைத்திருப்பாள். ஆறு மாதம் ஒரு பூச்சி அதை அண்டாது. விதைக்கிற அன்று வரட்டியைப் பெயர்த்து உடைத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக விதை. குழிக்கு ஐந்து போடுவாள். முளைத்ததில் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவாள். தம்பி அழுவான். “அஞ்சும் இருந்தா அஞ்சும் சாகும் சாமி” என்பாள்.

இரண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வரும். இலையைச் சல்லடையாக்கிவிடும். விடியக்காலை, பனி ஈரம் காயும் முன்பே, அம்மிச்சி முறத்தில் சாம்பலை எடுத்துப்போய் இலை மேல் தூவுவாள். கொடி ஓடத் தொடங்கினால் அடுத்த வேலை: முடிச்சுக்கு முடிச்சு ஒரு கை மண் அணைக்க வேண்டும். மண் பட்ட கணுவில் வேர் இறங்கும். கொடிக்கு அங்கேயும் ஒரு வாய் கிடைக்கும். காற்றும் அதற்கு மேல் கொடியைப் புரட்ட முடியாது. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வேலை எனக்கு. ஆவணி பாதியில் இரண்டு கொடிகளும் துவைக்கிற கல்லைத் தாண்டி, வேலியைத் தாண்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தில் இறங்கிவிட்டன. அந்த வருஷம் சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் அரசாணி போடவில்லை.

ஆவணி முடியும் நேரத்தில் பூ வந்தது.

அரசாணிப் பூவைக் காலையில்தான் பார்க்க வேண்டும். விடியும்போது விரியும், பள்ளிக்கூட முதல் மணி அடிக்கும் நேரத்தில் சுருங்கத் தொடங்கிவிடும். ஒரு பூவுக்கு வாழ்க்கை ஒரு காலைப்பொழுதுதான். அதிலும் இரண்டு ஜாதி. நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஒன்று. குட்டைக் காம்பில், பூவுக்கு அடியில் சின்ன உருண்டையோடு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. முதலில் நீளக் காம்புப் பூ மட்டும் பத்து நாளைக்கு வந்துகொண்டே இருக்கும். அம்மிச்சி அதை வெத்துப் பூ என்பாள். பிறகுதான் உருண்டைப் பூ. அதுதான் காயாகிற பூ. அதைத் தொடக் கூடாது.

அடுத்த சாளையில் ஒரு பாலக்காட்டுக் குடும்பம் குடியிருந்தது. அவர் மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை செய்தார். அவர்கள் வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஓணத்துக்கு அத்தம் நாளிலிருந்து பத்து நாள் வாசலில் பூக்களம் போட வேண்டும் என்றாள். தும்பைப் பூ இட்டேரியில் கிடைத்தது. செம்பருத்தி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. மஞ்சள் வேண்டும். “உங்க வீட்டு மத்தன் பூ தருவியா?” என்று கேட்டாள். அவர்கள் பாஷையில் அரசாணி, மத்தன்.

எனக்கு அதில் சங்கடம் எதுவும் தோன்றவில்லை. காயாகிற பூ எது என்று தெரியும், அதைத் தொடமாட்டேன். வெத்துப் பூ எப்படியும் பத்து மணிக்கு வாடி விழப்போகிறது. அம்மிச்சி மாட்டண்டை பால் கறந்துகொண்டிருக்கும் நேரம், இருட்டு பிரிவதற்குள், ஒரு கூடையோடு போய் நீளக் காம்புப் பூவை ஒவ்வொன்றாகப் பறிப்பேன். பனி முழங்காலை நனைக்கும். இலையில் இருக்கிற சுனை கையை அறுக்கும். இலையை விலக்கி விலக்கித் தேடி ஒன்றுவிடாமல் பறித்தேன். அந்தப் பெண்ணின் வாசலில் நடுவட்டம் பூராவும் எங்கள் வீட்டு மஞ்சள். பெருமையாக இருந்தது. அம்மிச்சியிடம் கேட்கவில்லை என்பது மட்டும் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாள் என்ற பயம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தம்பி பொடக்காலியில் நின்று கத்தினான். “அக்கா, இங்க ஒண்ணு! அங்க ஒண்ணு! அங்கயும்!” நெல்லிக்காய் பருமனில் பிஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் விரலை நீட்டி எண்ணினான். எட்டு எண்ணினான். அம்மிச்சி சாணிக் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். “நீட்டாதடா சாமி! அளுகிப் போயிரும்டா!” அவன் விரலைப் பிடித்து மடக்கினாள். அவன் சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு.

மூன்று நாளில் பிஞ்சுகள் மஞ்சளாயின. பிறகு நுனியிலிருந்து கருத்துச் சுருங்கின. தொட்டால் கையோடு வந்துவிட்டன. திருவோணத்தன்று எட்டும் இல்லை. ஒன்பதாவது ஒன்று மட்டும் நின்றது. எருக்குழிச் சரிவில் பெரிய இலைகளுக்கு அடியில் ஒளிந்திருந்த பிஞ்சு அது. தம்பி எண்ணாதது.

“பாத்தியா, அவன் கண்ணுல படாத காய் நின்னுருச்சு” என்றாள் அம்மிச்சி. அவள் திட்டவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவி, “இனிமே கொடிகிட்ட வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்கோணும்” என்றாள். திட்டியிருந்தால் அவன் மறந்திருப்பான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அந்த ஒரு விரலை மற்ற நான்கு விரலுக்குள் மறைத்துவைத்துக்கொண்டு தூங்கினான். பக்கத்தில் நான் படுத்திருந்தேன்.

ஓணம் முடிந்தது. பூக்களம் முடிந்தது. நான் பூப் பறிப்பதை நிறுத்தினேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றான். புரட்டாசி பிறந்த ஒரு வாரத்தில் கொடி முழுக்கப் பிஞ்சு. ஒன்றும் விழவில்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஊரே நம்பியது, நானும் நம்பினேன்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தது. எங்கள் மண்ணுக்கு அதுதான் மழை. கொடி இட்டேரியின் அந்தக் கரையைத் தொட்டது. காய் தரையில் பட்டு ஈரத்தில் அழுகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் காய்ந்த சோளத்தட்டு பரப்பினோம். மார்கழியில் இலைகள் வெளுத்துச் சாயத் தொடங்கின. அதற்குப் பிறகு வருகிற பூவெல்லாம் காயாகி முற்ற நேரமில்லாத பூ. அம்மிச்சி அவற்றைத்தான் வாசலுக்கு எடுத்தாள். சாணி உருண்டை பிடித்து, கோலத்து நடுவே வைத்து, அதன் தலையில் ஒரு மஞ்சள் பூ. அதையும் அவள் பறிக்கும் முறை எனக்குப் பின்னால்தான் உறைத்தது. கொடியில் ஒரு பக்கம் எடுப்பாள், மறு பக்கம் விட்டுவிடுவாள். கூடை நிறையப் பறித்து அவளை நான் பார்த்ததே இல்லை.

காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆக வேண்டும். நகத்தால் கீறினால் தோலில் இறங்கக் கூடாது. விரலை மடக்கித் தட்டினால் கெட்டியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் அறுப்பு. நாலு விரற்கடைக் காம்பை விட்டு அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்த காய் அந்த வழியாகவே கெட ஆரம்பிக்கும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு பதினொரு காய்களை அட்டாலியில் வைக்கோல் மேல் அடுக்கினோம். பெரியது எட்டுக் கிலோவாவது இருக்கும். அப்படி வைத்த காய் நாலைந்து மாதம் கெடாது. வைத்திருக்க வைத்திருக்க இனிப்பு கூடும் என்பாள்.

காப்புக் கட்டு அன்று வேப்பிலை, பூளைப் பூ, ஆவாரம் பூ மூன்றையும் சேர்த்து வீடு, கொட்டகை, கிணறு என்று எல்லா இடத்திலும் செருகினோம். மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் பட்டிப் பொங்கல். அன்றைக்குத்தான் அரசாணியை அறுக்க வேண்டும். அப்போது ஒரு சிக்கல் வந்தது. முழுக் காயில் முதல் வெட்டைப் பெண்கள் போடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆம்பளைக் கை பட்டு இரண்டாகப் பிளந்த பிறகு எத்தனை துண்டு வேண்டுமானாலும் நாம் போட்டுக்கொள்ளலாம். அப்பிச்சி நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். மாமா தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டில். அப்பா சாயங்கால பஸ்ஸில்தான் வருவார். வீட்டில் ஒரே ஆம்பளை, தம்பி.

அம்மிச்சி அவனைக் கூப்பிட்டாள். அவன் கையைக் கட்டிக்கொண்டே வந்தான்.

“கையை எடு சாமி.”

“அளுகிப் போயிருமே, அம்மிச்சி.”

அம்மிச்சிக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அவனை மடியில் இழுத்து உட்காரவைத்து, கொடுவாளின் பிடியில் அவன் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். காய் ‘கறக்’ என்று பிளந்தது. உள்ளே காவி நிறம், ஈர நார், நடுவே வரிசையாக விதை. ஆவணியில் விலக்கிவைத்த கையைத் தையில் அவளே கூப்பிட்டுக்கொண்டாள். அதை மன்னிப்பு என்று அவள் நினைத்திருக்கலாம். மன்னிக்க அங்கே எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எட்டுக் கிலோக் காயை எந்த வீடும் தனியாகத் தின்று தீர்க்க முடியாது. அறுத்த காய் வைத்திருந்தால் இரண்டாம் நாளே ஓரம் நொசநொசத்துவிடும். அதனால் அறுத்த கையோடு பங்கு. ஏழு வீட்டுக்கு ஏழு கீற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு பொரியல், தட்டப்பயறு போட்டு ஒரு குழம்பு. பாலக்காட்டு வீட்டில் அதே அரசாணியையும் பயறையும் சேர்த்து, தேங்காய் அரைத்து ஊற்றி, மேலே வறுத்த தேங்காய்ப்பூவைப் போட்டு எரிசேரி செய்து கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் புளி, அந்தப் பக்கம் தேங்காய்; சட்டியில் விழுகிற சாமான் ஒன்றுதான்.

1993-ல் நான் பிளஸ் டூ. தாவரவியல் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ‘ஓரில்லத் தாவரம்’ என்று எழுதினார். ஒரே செடியில் ஆண் பூ தனியாக, பெண் பூ தனியாக. பூசணிக் குடும்பத்தில் அநேகம் அப்படித்தான் என்றார். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீயோ வண்டோ சுமந்துபோய்ப் பெண் பூவில் சேர்க்க வேண்டும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுக்கு உள்ளது. காற்று தூக்கிப் போகாது. அந்த ஒரு காலைக்குள் அது சேராவிட்டால் பெண் பூவுக்கு அடியிலிருக்கும் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி, சுருங்கி, உதிர்ந்துவிடும்.

அவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பத்து நாள். இருட்டு பிரிவதற்குள். தேனீ வருவதற்கு முன்னால். இலையை விலக்கி விலக்கி, ஒன்றுவிடாமல். எருக்குழிச் சரிவில் அந்த ஒன்பதாவது பிஞ்சு நின்றதற்கும் காரணம் புரிந்தது. தம்பியின் விரலுக்கு அது தப்பியதால் அல்ல. அதே இலைகளுக்கு அடியில் ஒரு வெத்துப் பூ என் கைக்குத் தப்பியிருக்கிறது.

நீட்டிய விரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கொடியில் இல்லாமல் போன பூவை யார் பார்ப்பார்கள்? இருப்பதன் மேல்தான் பழி விழும். இல்லாததன் மேல் எப்படி விழும்?

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அம்மிச்சியிடம் பாதியைச் சொன்னேன். வெத்துப் பூ வெத்துப் பூ இல்லை, அது ஆண் பூ, அது இருந்தால்தான் காய் என்று. நான் பறித்த கதையைச் சொல்லவில்லை. அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். “செரி, இருக்கட்டும். வெரலை நீட்டாம இருந்துட்டா இப்ப என்ன கொறஞ்சு போச்சு?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சட்டத்திலும் ஒரு காவல் இருந்தது. நீட்டுகிற பிள்ளை அடுத்துத் தொடும். தொட்ட பிள்ளை நகத்தால் கீறும். கீறின இடத்தில் கெடுதல் ஆரம்பிக்கும். ஆனால் குறைந்து போனது ஒன்று இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு வருஷத்தில் அம்மிச்சி போய்விட்டாள். கொட்டகைச் சுவரில் அவள் அப்பிவைத்த வரட்டியை யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

இப்போது நான் வடவள்ளியில் இருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மருதமலை. அம்மிச்சியின் விதை இல்லாததால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து ரகம் ஒன்றைத் தேடிப் போட்டேன். 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து கோயமுத்தூருக்கு வந்த அந்தக் காலத்து விவசாயக் கல்லூரிதான் 1971-ல் பல்கலைக்கழகமானது. அவர்கள் வெளியிட்ட அரசாணியில் கோ 1 என்பது 175 நாள் பயிர். காய் ஏழெட்டுக் கிலோ வரும். கோ 2 என்பது 135 நாள். ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் நிற்கும். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆடி முதல் தேதியிலிருந்து 175 நாள் எண்ணினால் பொங்கலுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது முடிகிறது. நாள் கணக்கு எதையும் எழுதிவைக்காத அம்மிச்சி, அதே நாளில் விதைத்து அதே வாரத்தில் அறுத்தாள்.

மாடிக்கு எட்டுக் கிலோக் காய் ஆகாது. அதனால் கோ 2. ஒரு பழைய டிரம்மை அறுத்து, மண்ணும் எருவும் நிரப்பி, ஆடி முதல் தேதி விதைத்தேன். கயிற்றுப் பந்தலில் கொடி நன்றாக ஏறியது. தம்பி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, “குடிக்கற சிறுவாணித் தண்ணியக் கொண்டாந்து அரசாணிக்கு ஊத்தறயே, அக்கா” என்று கிண்டல் செய்தான். பூ வந்தது. ஆண் பூ பத்து, பதினைந்து என்று விரிந்தது. பெண் பூவும் வந்தது. எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. நாலாவது மாடிக்குத் தேனீ வரவில்லை. இந்த முறை பூவைப் பறித்தவர் யாருமில்லை, சுமந்துபோகத்தான் ஆளில்லை.

அப்பாவுக்குப் பிறகு பட்டறை தம்பியிடம். ஆயுத பூஜைக்கு இன்றும் பூசணி உடைக்கிறான். மேலே ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கலக்கி, சில்லறைக் காசு போட்டு, கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி உடைப்பான். அந்தப் பூசணி சந்தையில் வாங்கியது. உடைத்த பிறகு சிதறலை ரோட்டில் விடமாட்டான். வண்டி வழுக்கி யாராவது விழுந்துவிடுவார்கள் என்று அவனே முறத்தில் அள்ளி ஓரமாகப் போடுவான். போன விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்கு பொரியும் கடலையும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்தான். நான் மாடியில் இருந்தேன். மேலே ஏறி வந்தவன் பந்தலுக்கு இரண்டடி தள்ளி நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

ஊரில் பெரிய மனுஷன். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். தலையில் பாதி நரை. கொடியைக் கண்டதும் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. இதை எத்தனையோ தடவை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஏனோ பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். ஓணம், பூக்களம், கூடை, பத்து நாள், வெத்துப் பூ, எருக்குழிச் சரிவு. எல்லாவற்றையும்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “உனக்கு எப்ப தெரிஞ்சுது?” என்று கேட்டான்.

“பிளஸ் டூ படிக்கறப்ப.”

“அப்பவே தெரிஞ்சும் சொல்லுலயா?”

“சொல்லுல.”

“அது செரி” என்றான். மருதமலைப் பக்கம் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பண்ணுனதெல்லாம் நீ. கையைக் கட்டிக்கிட்டு நின்னவன் நானா?” அந்தச் சிரிப்பு முழுக்கச் சிரிப்பு இல்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பந்தலில் ஒரு பெண் பூ விரிந்திருந்தது. நான் ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து, நடுத் தண்டை மட்டும் விட்டு அவனிடம் கொடுத்தேன். “அந்தப் பூவுக்குள்ள இத வெச்சு மெதுவா தடவு. தேனீ பண்ற வேலை. ஒம்பது மணிக்கு மேல ஆனா ஆகாது.”

வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். கையைப் பிரித்தான். லேத்தில் நூலிழை அளவுக்குக் கடைந்து பழகிய கை. நடுக்கமில்லாமல் உள்ளே போனது. மூன்று தடவை தடவினான். எடுத்துப் பார்த்தபோது ஆள்காட்டி விரலில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைக்கப் போனவன், நிறுத்திவிட்டு, அந்த விரலாலேயே பூவின் நடுவில் இன்னொரு தடவை தொட்டான்.

“பிடிச்சுதான்னு தெரிய எத்தனை நாள் ஆகும்?”

“நாலஞ்சு நாள்.”

ஐந்தாம் நாள் பிஞ்சு பச்சையாக நின்றது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். “எங்க?” என்று கேட்டான். நான் விரல்களை மடக்கி முட்டியால் காட்டினேன். பழக்கம் விடுமா? அவன் என் கையைப் பார்த்தான், பிஞ்சைப் பார்த்தான். பிறகு மெதுவாக, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, விரலை நீட்டினான்.